புதன்கிழமைப் பின்னேரம் எனக்கு வேலை இருக்கிறது

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வசனம் சொல்லி முடிப்பதற்குள் நீ ஐந்து வசனம் சொல்லிவிடுவாய். அதனால்தான் கடுதாசி. கையால் எழுதி, லைப்ரரி மெஷினில் ஸ்கான் பண்ணி உனக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அப்பாவுக்கு இதெல்லாம் யார் பழக்கினது என்று யோசிப்பாய். பொறு, வருகிறேன்.

"குளிர் தொடங்க முன்னம் ஒக்டோபரிலேயே ஹலிஃபக்ஸுக்கு வாங்கோ, தனிய இருந்து என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டாய். அந்தக் கடைசிக் கேள்வி கொஞ்சம் சுட்டது. எனக்கு வேலை இருக்கிறது, பிள்ளை. டிசம்பர் முதல் கிழமை வரைக்கும் இருக்கிறது. இங்கே ரொறன்ரோ லைப்ரரியில்.

சிரிக்காதே. நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது சனிக்கிழமை தவறாமல் உன்னை லைப்ரரி வாசலில் இறக்கிவிட்டு நான் காருக்குள் இருப்பேன். இரவு வேலை முடித்து வந்த நித்திரை. நீ இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து, நாடிவரை அடுக்கிய புத்தகங்களோடு வந்து கண்ணாடியில் தட்டுவாய். ஒரு நாளாவது நான் உள்ளே வந்ததில்லை. பிறகு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நீ ஒரு கட்டுரை எழுதினாய். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட அப்பாவால் அதற்குப் பிறகு எந்த நூலகத்துக்குள்ளும் கால் வைக்க முடியவில்லை என்று அதில் இருந்தது. ஆசிரியர் பாராட்டினார் என்று கொண்டுவந்து காட்டினாய். அம்மா அழுதாள். நான் ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தேன்.

இப்போது சொல்கிறேன். 1981 ஜூன் முதலாம் தேதி விடிய நான் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன். 97,000 புத்தகங்கள் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். எனக்கு நினைவில் நிற்பது காற்றில் பறந்த கரித்தாள்தான். வயிறு எரிந்தது உண்மை. ஆனால் இங்கே ரொறன்ரோவில், ஸ்காபரோ லைப்ரரிக்குள் வராததற்கு அது காரணமில்லை. என் சப்பாத்துத்தான் காரணம். பக்டரியில் இரவு முழுக்க நின்ற சப்பாத்து, அதன் மணம் எனக்கே தாங்காது. அதோடு கவுண்டரில் இருக்கிறவர் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். இவ்வளவுதான். நீ எனக்குத் தந்த அந்தப் பெரிய காரணத்தை இருபது வருடமாய்த் திருத்தாமல் விட்டது என் பிழை.

இன்னொரு பிழையும் இருக்கிறது. 1997 என்று நினைக்கிறேன். நீ இரவல் எடுத்த புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே போய், தண்டம் 7 டொலர் சொச்சம் வந்தது. அந்த 7 டொலருக்காக நான் போட்ட சத்தத்தை மேல்மாடி ஆக்களும் கேட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு மூன்று நாலு மாதம் நீ ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. அங்கேயே இருந்து வாசித்துவிட்டு வெறுங்கையோடு வருவாய். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

சரி, நான் எப்படி உள்ளே போனேன் என்று கேள். 2023 செப்டெம்பர். ஓய்வூதிய விஷயமாக ஒரு படிவத்தை இணையத்தில் எடுத்து அச்சடித்துக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். உனக்குப் போன் எடுத்தால் நீ வேலையில். பக்கத்துக் கடைக்காரப் பெடியன்தான், "லைப்ரரிக்குப் போங்கோ அங்கிள், அங்கே செய்து தருவாங்கள்" என்றான். போனேன். மேசையில் இருந்த பிள்ளைக்கு உன் வயதில் பாதி இருக்கும். படிவத்தை எடுத்துத் தந்ததோடு விடாமல், "உங்களிடம் லைப்ரரி காட் இருக்கிறதா?" என்று கேட்டாள். விலாசம் காட்ட ஒரு கடிதமும் அடையாள அட்டையும் போதுமாம். ஒரு சதம்கூட வாங்கவில்லை. கனடாவுக்கு வந்து முப்பது வருடத்துக்குப் பிறகு எனக்கு லைப்ரரி காட் கிடைத்தது.

என் அதிர்ஷ்டத்தைப் பார். காட் எடுத்து ஒரு மாதம் ஆகவில்லை. அந்த ஒக்டோபர் கடைசியில் இணையத் திருடர்கள் புகுந்து ரொறன்ரோவின் 100 கிளைகளிலும் கொம்பியூட்டர்களை முடக்கிவிட்டார்கள். இணையத்தளம் இல்லை, உன் கணக்கைப் பார்க்க முடியாது, திரும்பி வந்த புத்தகத்தைப் பதிந்து எடுக்க முடியாது. ஆனால் கதவை மூடவில்லை. இரவல் கொடுப்பதும் நிற்கவில்லை. முடிந்தால் புத்தகங்களை வீட்டிலேயே வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படியும் திரும்பி வந்தவற்றைப் பெரிய லொறிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் புத்தகங்கள் அப்படி நின்றன. அடுத்த வருடம் பெப்ரவரி வரை என்னிடமும் ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தது. 21 நாளைக்கு எடுத்தது நாலு மாதம் தலைமாட்டில் கிடந்தது. மூன்று தரம் வாசித்தேன். கொண்டுபோய்க் கொடுக்கும்போது பொக்கெற்றில் இருபது டொலர் வைத்துக்கொண்டு போனேன், தண்டம் கேட்டால் கட்ட. அந்தப் பிள்ளை சிரித்தது. இந்த முடக்கம் நடக்காவிட்டாலும் கேட்கமாட்டோம், பிந்திக் கொடுப்பதற்கான தண்டத்தை 2022இலேயே எடுத்துவிட்டோம் என்றது. தண்டத்துக்குப் பயந்து வராமல் போகிறவர்களில் சின்னப் பிள்ளைகளும் வசதியில்லாத சனமும்தான் கூடவாம். நான் தலையாட்டினேன். அந்த இருபது டொலர் திரும்பிவரும் வழியெல்லாம் பொக்கெற்றில் கனத்தது.

இப்போது இந்த வருடக் கதைக்கு வருகிறேன். கோடையில் லைப்ரரி வேறு மாதிரி. பிள்ளைகளுக்கு வாசிப்புப் போட்டி, குளிரூட்டிக்காக வந்திருக்கும் ஆக்கள். செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் முகமே மாறிவிடும். பின்னேரம் மூன்றரை வரை என்னைப் போன்ற கிழடுகள். அதற்குப் பிறகு முதுகுப்பையோடு பெடியள் புகுந்துவிடுவார்கள். வீட்டுப்பாடத்துக்கு உதவ ஆக்கள் இருக்கிறார்கள், ஆனால் பாதிப் பேர் வருவது சூடான இடத்தில் இருந்து சிநேகிதரோடு கதைக்கத்தான். சத்தம் போட்டால் பேசுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஒருவரும் பேசுவதில்லை. ஒக்டோபரில் ஒன்ராறியோ முழுக்கப் பொது நூலக வாரம் என்று ஒன்று வரும், அதற்குப் பலூன் கட்டுவார்கள். மாதக் கடைசியில் ஹலோவீன் கதை நேரம். போன வருடம் பூசணிக்காய் வேஷம் போட்ட ஒரு மூன்று வயதுக் குழந்தை என் காலடியில் விழுந்து நித்திரையாகிவிட்டது. தாய் வந்து தூக்கும்வரை நான் காலை அசைக்கவில்லை. நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் ஐந்து மணிக்கே இருட்டு. அப்போது கணப்புக்குப் பக்கத்துக் கதிரைகளில் வேறு சிலர் இருப்பார்கள். வீடில்லாதவர்கள். ஒருவர் தினமும் ஒரே அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். மூடும் நேரம் வந்தால் அந்தப் பிள்ளை போய், தோளைத் தொடாமல், மேசையில் மெதுவாய்த் தட்டித்தான் எழுப்பும்.

தமிழ்ப் புத்தக அலுமாரியும் இருக்கிறது. சில புத்தகங்கள் இங்கே வந்து என்னைவிடக் கூடக் காலம். போன கிழமை எடுத்த ஒரு நாவலுக்குள் 112ஆம் பக்கத்தில் பஸ் மாறி ஏறத் தரும் ஒரு பழைய ட்ரான்ஸ்ஃபர் கடுதாசி இருந்தது. மை மங்கிவிட்டது. யாரோ வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பக்கம் வரை வாசித்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த பக்கங்கள் மடிப்பே இல்லாமல் புதிதாய் இருந்தன. நானும் முடித்துவிட்டு அந்தக் கடுதாசியை அதே பக்கத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன். ஒருவேளை திரும்பி வருவார்.

இனிப் புதன்கிழமை. இரண்டு மணிக்கு ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டம். பத்துப் பேர் வருவோம். நடத்துவது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சம்பளம் இல்லாத தொண்டர். இலக்கணம் கிடையாது, பரீட்சை கிடையாது, கதைப்பதுதான். ஒரு புதனுக்கு அவர் தந்த தலைப்பு, உங்கள் நாட்டில் இலையுதிர்காலம். ஈரானிலிருந்து வந்தவர் மாதுளம்பழத்தைப் பற்றிச் சொன்னார். எண்பது வயதுச் சீன அம்மா ஒருவர், முழுநிலவு இரவில் உண்ணும் பலகாரத்தைப் பற்றிச் சொன்னார். என் முறை வந்தது. எங்கள் ஊரில் இலையுதிர்காலமே இல்லை என்று சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆசிரியை விடவில்லை. ஒரு மரமாவது இலை கொட்டாதா என்றார். அப்போதுதான் பனை ஞாபகம் வந்தது. காய்ந்த ஓலை அப்படியே மரத்தில் தொங்கும், அதைக் காவோலை என்போம் என்று கையைத் தொங்கவிட்டுக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்" என்பதையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். "ஓல்ட் லீஃப் ஃபோல், யங் லீஃப் லாஃப்" என்றேன். ஒரு சத்தமும் இல்லை. பிழையாய்ச் சொல்லிவிட்டேன் என்று காது சூடாகிவிட்டது. பிறகு அந்தச் சீன அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார், சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுக் கொப்பியில் அவருடைய எழுத்தில் அதை எழுதிக்கொண்டார். விழுந்த ஓலையை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வேலி அடைப்போம் என்றேன். வேலிக்கு ஆங்கிலம் உடனே வரவில்லை. விரலை விரலுக்குள் கோத்துக் காட்டினேன். ஆசிரியை பலகையில் எழுதினார்.

அதற்குப் பிறகு எனக்குப் பயமில்லை. டிசம்பர் முதல் கிழமையோடு இந்தச் சுற்று முடிகிறது. கடைசி நாள் எல்லோரும் ஏதாவது தின்னக் கொண்டுவருவோம். என்னுடைய பங்கு பயிற்றம் பணியாரம். அம்மாவின் கைப்பக்குவம் வராது, இருந்தாலும் செய்து பார்க்கிறேன். மா வறுக்கும்போது உனக்கு வீடியோவில் எடுக்கிறேன், நிறம் சரியா என்று சொல்.

இன்னொரு வேலையும் தலையில் போட்டுக்கொண்டேன். மேல்மாடி அன்ரி இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறா. மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளியே போக முடியாதவர்களுக்கு லைப்ரரியே புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. அதற்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். "என்ன மாதிரிப் புத்தகம் விருப்பம்?" என்று ஒரு கேள்வி. அன்ரி யோசித்துவிட்டு, "கெதியாய் முடியாதது" என்றா. அப்படியே எழுதிவிட்டேன்.

உன் ஊர் லைப்ரரியும் எனக்குத் தெரியும். போன தடவை வந்தபோது சின்னவனைத் தள்ளுவண்டியில் வைத்து ஸ்பிரிங் கார்டன் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், நினைவிருக்கிறதா? 2014 கடைசியில் திறந்த கட்டடம், கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாய்க் கோணலாய் அடுக்கி வைத்த மாதிரி. மேல்தட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே நடக்க எனக்கு நெஞ்சு இடித்தது, சின்னவன் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினான். 2022 செப்டெம்பரில் ஃபியோனா புயல் அடித்து உங்களுக்குக் கரண்ட் போனபோது, லைப்ரரிக்குப் போய்த்தான் போனுக்குச் சார்ஜ் ஏற்றினோம் என்று நீயே சொன்னாய். அந்த நேரம் நான் அதைப் பெரிதாய் எடுக்கவில்லை. இப்போது விளங்குகிறது. சின்னவனுக்குக் காட் எடுத்துவிட்டாயா? எடுக்காவிட்டால் நான் வரும்வரை பொறு. அவனைக் கூட்டிக்கொண்டு நானே போகிறேன், கவுண்டரில் நானே கேட்கிறேன்.

ஆகவே ரிக்கெற்றை டிசம்பர் இரண்டாம் கிழமைக்கு மாற்று. மாற்றுக் காசு வந்தால் என் கணக்கில் எழுது. குளிருக்குப் பூட்ஸ் வாங்கிவிட்டேன், மருமகனிடம் சொல், தோலில் வாங்க வேண்டாம் என்று. பழைய சாமான்களைக் கிளறியபோது உன் சின்ன வயது லைப்ரரி காட் அகப்பட்டது. பின்பக்கம் உன் கையெழுத்து, எழுத்துக்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அதை இதோடு ஸ்கான் பண்ணவில்லை. வரும்போது கொண்டுவருகிறேன், அந்த 7 டொலரோடு.

புதன்கிழமை இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை போன் எடுக்காதே. அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா