உறைக்குள் திரும்ப வைக்கும்போது

அன்பு மகளுக்கு,

தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்கப் போவதாக நீ தொலைபேசியில் சொன்ன அன்று, நான் நேராகப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். நீ வயது வந்தவள்; சட்டம் உனக்கு அனுமதி தருகிறது; அந்த முடிவுக்கு உன்னைத் தள்ளிய அச்சமும் உண்மையானது. ஆகவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. அறியாத ஒன்றைப் பற்றிப் புத்தி சொல்வது முறையல்ல என்று எண்ணி, பொதுமக்களுக்காக நடத்தப்படும் இரண்டு நாள் தற்காப்புத் துப்பாக்கிப் பயிற்சியில் நானே சேர்ந்து முடித்தேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்பாய். உன் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறான், அதுதான் காரணம்.

முதல் நாள் காலை முழுவதும் துப்பாக்கியைக் கையில் கொடுக்கவே இல்லை. நான்கு விதிகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாக இருந்து, 1976-இல் அரிசோனாவில் கைத்துப்பாக்கிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் வகுத்துப் பரப்பிய விதிகள் அவை. எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அழிந்தாலும் பரவாயில்லை என்று நீ நினைக்காத எதன் பக்கமும் குழல்முனை திரும்பக் கூடாது. இலக்கின் மீது குறி நிலைக்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்றில் கவனம் பிசகினாலும் மற்றவை உயிரைக் காக்கும்படி அவற்றைப் பின்னியிருக்கிறார்கள் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

சுடுவதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், அதை உனக்கு நேரில் கற்றுத் தருவார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் குண்டுகள் எல்லாம் இலக்கின் கீழே போய்க்கொண்டிருந்தன. பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கிடையே வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கும் கூட்டில், சேர்த்துவிட்டார். அதன் முறை வந்தபோது சத்தமும் இல்லை, பின்னுதைப்பும் இல்லை. ஆனால் என் கை வெடிப்பை எதிர்பார்த்துத் தானாகவே துப்பாக்கியைக் கீழே தள்ளியதை நானே பார்த்தேன். அச்சம் கைக்குள் எவ்வளவு ஆழமாக ஒளிந்திருக்கிறது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. விசையைச் சீராக அழுத்தி, எப்போது வெடிக்கும் என்று காத்திராமல் இருக்கக் கற்கவே அன்று பிற்பகல் போயிற்று.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இரண்டாம் நாள் நடந்தது. உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் முறையைப் படிப்படியாகப் பழக்கினார்கள்: வலக்கை பிடியைப் பற்றும்போதே, குழலின் முன்னால் போய்விடாதபடி இடக்கை மார்பில் படிய வேண்டும், பிறகு நேராக மேலே இழுத்து, முனையை இலக்கை நோக்கித் திருப்பி, இரண்டு கைகளும் சேர்ந்த பின்னரே முன்னே நீட்ட வேண்டும். இதில் நான் தேறிவிட்டேன் என்ற மகிழ்ச்சியில், இலக்கையே பார்த்தபடி துப்பாக்கியைச் சட்டென்று உறைக்குள் செருகப் போனேன். பயிற்சியாளர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, கீழே பார்க்கச் சொன்னார். என் சட்டையின் ஓரம் சுருண்டு உறையின் வாய்க்குள் கிடந்தது. அந்தத் துணி மடிப்பு விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தினுள் புகுந்து விசையில் சிக்கியிருந்தால், நான் அழுத்திய அழுத்தத்திலேயே குண்டு வெடித்து என் தொடையைத் துளைத்திருக்கும். தொடையில் பெரிய தமனி ஓடுகிறது. அது அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். பிற்பகலில் இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டையைக் காலில் கட்டிப் பழகியபோது, காலையில் அது எனக்கே தேவைப்பட்டிருக்கும் என்ற நினைப்பில் என் விரல்கள் நடுங்கின.

எடுப்பதற்கு அவசரம் வரலாம், திரும்ப வைப்பதற்கு ஒருபோதும் அவசரம் கிடையாது என்று அவர் சொன்னார். மகளே, நின்று, சுற்றிலும் பார்த்து, விரல் விசையிலிருந்து விலகி நேராக நீண்டிருப்பதை உறுதி செய்து, ஆடையை ஒதுக்கி, உறையைக் கண்ணால் பார்த்து, மெதுவாக வை. விசையை முழுவதும் மூடும், வாய் மடங்கிப் போகாத கெட்டியான உறையையே வாங்கு.

இருபத்தொரு அடி பற்றிய பேச்சு உன் காதிலும் விழும். 1983-இல் சால்ட் லேக் நகரக் காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர், கத்தியோடு ஓடி வருபவர் 21 அடி தூரத்தைச் சுமார் 1.5 விநாடியில் கடந்துவிடுவார் என்று காட்டினார். உறையிலிருந்து எடுத்துச் சுடுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அந்தத் தூரத்துக்குள் வந்தவரைச் சுடலாம் என்பதற்கான அனுமதியாகச் சிலர் இதைத் திரித்துச் சொல்கிறார்கள், அது தவறு. துப்பாக்கி இருந்தும் உனக்கு நேரம் இருக்காது, ஆகவே முன்கூட்டியே கவனித்து விலகி நட என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

கடைசியாக, சுடாத பிளாஸ்டிக் துப்பாக்கிகளை வைத்துச் சில சூழல்களை நடித்துக் காட்டினார்கள். இருட்டில் கதவருகே நின்ற உருவத்தைப் பார்த்து நான் துப்பாக்கியை நீட்டிவிட்டேன். விளக்கு எரிந்தபோது, தண்ணீர் குடிக்க எழுந்த வீட்டு ஆளாக நடித்தவர் அங்கே நின்றார். இலக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற அந்த நான்காவது விதியை முதல் நாள் காலையிலிருந்தே ஒப்பித்தவள் நான்தான். கைவிளக்கும், "யார் அது?" என்று உரக்கக் கேட்கும் குரலும் துப்பாக்கிக்கு முன்னால் வர வேண்டியவை. அடுத்த பல சூழல்களில், கதவைப் பூட்டிக் குழந்தையுடன் உள்ளே இருந்து காவல்துறையை அழைப்பதே சரியான விடையாக இருந்தது. சுடுவதானால், எதிரில் இருப்பவருக்கு உயிருக்கு ஊறு செய்யும் வலிமை, அதற்கான வாய்ப்பு, அந்த நோக்கம் ஆகிய மூன்றும் அந்தக் கணத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்று அங்கே கற்பித்தார்கள். சுடும் முன் பின்வாங்கி விலகிப் போகும் கடமை உண்டா இல்லையா என்பது இடத்துக்கு இடம் மாறுவதால், நீ இருக்கும் இடத்தின் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்.

வீட்டைப் பற்றி: பூட்டுப் பெட்டி இல்லாமல் துப்பாக்கி வீட்டுக்குள் வரக் கூடாது. அலமாரியின் மேல்தட்டும் தலையணைக்கு அடியும் குழந்தையிடமிருந்து எதையும் மறைக்காது. நீயே அந்த வயதில் நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறியவள். கைத்துப்பாக்கியின் ஓசை 140 டெசிபலைத் தாண்டுவதால் காதடைப்பானும் அதன் மேல் காதுக்கவசமும் அணிந்துகொள். சுடுதளத்தின் காற்றிலும் தூசியிலும் ஈயம் இருக்கும். கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கு.

வகுப்புக்கு முன்பே துப்பாக்கி வாங்கிவிடாதே. அங்கே இரவலாகத் தரும் இரண்டு மூன்று வகைகளைப் பிடித்துப் பார், விசைக்கு உன் விரல் எட்டுகிறதா என்று பார். வேண்டாம் என்று தோன்றினால் அதையும் தயங்காமல் எனக்கு எழுது, எந்த முடிவுக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சி எந்த நாட்களில் என்று மட்டும் முன்னதாகத் தெரியப்படுத்து. அதற்கு முந்தைய நாள் மாலையே வந்துவிடுகிறேன். நீ திரும்பி வரும்வரை குழந்தை என்னிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா