நீங்கள் செய்த கம்பெயினை நீங்களே சோதிக்க வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, வெஸ்னோத் என்கிற கணினிப் போர் விளையாட்டுக்குத் தமிழில் கம்பெயின் (கட்டம் கட்டமாக விளையாடுகிற கதைத்தொடர்) செய்கிற தம்பி, தங்கைமாருக்கு,

வணக்கம். நீங்கள் தந்த நாலு கட்டங்களையும் விளையாடி முடித்தேன். ‘எப்பிடி அண்ணை இருக்கு?’ என்று கேட்டிருந்தீர்கள். ‘சூப்பர்’ என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு அலுவலைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் இதே வேலையில் இறங்கியிருக்கிற வேறு பிள்ளைகளும் உங்களைப் போலத்தான் செய்கிறார்கள். கம்பெயினை எழுதுகிறவர்களே அதை விளையாடிப் பார்த்து, அவர்களே சரி என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

வடிவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1560 இல் போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடித்தும் நிலைக்க முடியாமல் திரும்பிய கதையை எடுத்து, எதிரிக்கு எலும்புக்கூட்டு வேஷம் போட்டு, முழுக்க முழுக்க மாயக்கதை ஆக்கியிருக்கிறீர்கள். நல்ல யோசனை. வரைபடத்தின் காட்டு அறுகோணங்களில் இருந்த வெளிநாட்டு மரங்களை எடுத்துவிட்டுப் பனங்கூடல் வரைந்த பிள்ளைக்குத் தனியாக ஒரு பாராட்டு. மணலில் நிற்கிற ஈட்டிக்காரனுக்குத் தற்காப்பு, அதாவது அடி படாமல் தப்புகிற வாய்ப்பு, 30 வீதம்தான், காட்டுக்குள் 50 வீதம். அதனால் விளையாடுகிறவர் தானாகவே கரையை விட்டுப் பனங்கூடலுக்குள் ஓடுவார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் நிலமே ஆட்டத்தைக் கற்பிக்கிறது.

சரி, இரண்டாம் கட்டத்துக்கு வருவோம். பொழுதுபடுகிற சுற்றில் தொடங்குகிறது. கையில் இருப்பவர்கள் ஈட்டிக்காரரும் வில்லாளிகளும் மட்டும். எதிரே எலும்புக்கூடுகள். கணக்கைப் பாருங்கள். ஈட்டியின் ஒரு குத்து 7. ஈட்டிக்காரன் பகலுக்குரியவன், இரவில் அவனுடைய அடி கால்வாசி குறையும். குத்துகிற ஆயுதங்களின் அடியில் 60 வீதத்தை எலும்புக்கூடு தடுத்துவிடும். இரண்டும் சேர, அந்த 7 வெறும் 2 ஆகிவிடுகிறது. எலும்புக்கூட்டின் உயிர் 34. பதினேழு குத்து பட்டால்தான் ஒன்று விழும், அதுவும் ஒன்றுகூடத் தவறாமல் பட்டால். மற்றப் பக்கம் அதனுடைய கோடரி 7, இரவில் 9. விளையாடுகிறவர் எங்கே பிழைவிட்டார் என்று தேடினாலும் கிடைக்காது. ஒரே ஒரு மந்திரவாதியைத் தந்திருந்தால்கூடப் போதும். அதே இருட்டில் அவனுடைய தீ 6 விழும், எங்கே நின்றாலும் 70 வீதம் படும்.

இது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? எலும்புக்கூடுகள் எந்த அறுகோணத்தில் நீருக்கடியில் மறைந்து நிற்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஆழ்நீரில் அவை ஒளிந்திருக்கும், பக்கத்தில் போகும்வரை தெரியாது. உங்கள் கையோ அந்தப் பக்கமே போகாது. படையை வடக்குக் கோட்டைக்குள் இழுத்து, விடியும்வரை காத்திருந்து, பிறகு அடிக்கிறீர்கள். அந்தக் கோட்டை வடக்கில் இருக்கிறது என்று கதையில் ஒருவர் வாயிலும் வரவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உங்கள் வீட்டு விறாந்தையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற உங்கள் மச்சாள் விளையாட உட்கார்ந்தா. தளபதியைக் கரையோரம் கொண்டுபோக மவுசை நகர்த்தினா. உடனே பின்னால் நின்ற தம்பி, ‘ஐயோ, அங்க போகாதேங்கோ, தண்ணிக்குள்ள நிக்குது!’ என்று கத்திவிட்டார். அவ சிரித்துக்கொண்டு தளபதியைத் திருப்பி எடுத்தா. சோதனை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு அவ விளையாடியது தம்பியின் ஆட்டத்தை. ஆனால் கொப்பியில் ‘2ஆம் கட்டம் ஓகே’ என்று எழுதி வைத்தீர்கள். சமையல் செய்தவரே பக்கத்தில் நின்று ‘உப்பு அளவுதானே?’ என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்?

அடுத்த முறை விளையாடுகிறவருக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள், வாயைத் திறக்க வேண்டாம். தளபதி செத்தால் சாகட்டும். எந்த இடத்தில் கை தயங்குகிறது, எந்த உரையாடலை வாசிக்காமலே தட்டிவிடுகிறார், எந்தச் சுற்றில் சேமித்த ஆட்டத்தைத் திரும்பத் திறக்கிறார், இவற்றைக் குறித்தால் போதும். பக்கத்தில் இருக்க முடியாவிட்டால் ரீப்ளே கோப்பை வாங்குங்கள், ஒவ்வொரு நகர்வும் அதில் இருக்கும். ‘எனக்கு அதிர்ஷ்டம் சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால் புள்ளிவிவரப் பலகையைத் திறந்து பாருங்கள். எதிர்பார்க்கக்கூடிய அடி எவ்வளவு, விழுந்த அடி எவ்வளவு என்று அதில் தெரியும். இரண்டும் கிட்டக்கிட்ட இருந்தால் குறை அதிர்ஷ்டத்தில் இல்லை, உங்கள் கட்டத்தில்தான்.

இன்னொன்று தங்கம். மூன்றாம் கட்டத்தைச் சோதிக்க நீங்கள் டிபக் (debug, பிழை தேடுகிற) முறையில் நேரே அங்கே தாவுகிறீர்கள். இரண்டாம் கட்டத்தில் அடிபடாததால் உங்களுக்குத் தங்கமும் குறைவதில்லை. ஒழுங்காக விளையாடி வருகிறவர் இரண்டாம் கட்டத்திலேயே கஜானாவைத் துடைத்துவிட்டுத்தான் வருவார். மிஞ்சிய தங்கத்தில் ஒரு பங்குதான் கூட வரும். பழைய வீரன் ஒருவனைத் திரும்ப அழைக்க 20, புதிய ஈட்டிக்காரனுக்கு 14. அந்தக் காசில் நாலு பேரைக்கூடச் சேர்க்க முடியாமல் நான் நின்றேன், எதிரி முழுப்படையோடு வந்தான். குறைந்தபட்சத் தொடக்கத் தங்கத்தைக் கூட்டிவிடுங்கள், ஒரு எண்ணை மாற்றுகிற வேலைதான். முதல் கட்டத்திலிருந்து தாவாமல் விளையாடி வருகிற ஒருவரையாவது பிடியுங்கள். அலுப்பான வேலைதான், தெரியும். ஆனால் இதற்கு மாற்று இல்லை.

நாலாம் கட்டம், அந்தப் பின்வாங்கல், எனக்குச் சரியாகப் பிடித்தது. அதில் கை வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொக்குவிலிலும் கல்வியங்காட்டிலும் வெஸ்னோத் விளையாடுகிற ஆட்கள் எனக்குத் தெரியும். உங்கள் கதையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நானும் சொல்லவில்லை. இரண்டாம் கட்டத்தைத் திருத்தியதும் கோப்பை எனக்கு அனுப்புங்கள், அவர்களிடம் கொடுக்கிறேன். கோப்போடு விளக்கம் ஒன்றும் எழுதி அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
கொக்குவிலில் இருந்து உங்கள் அண்ணை