சுற்றுலா மானியக் கோரிக்கை: மனுவில் பெயர் சேருங்கள்

மாமல்லபுரம் வழிகாட்டிகள், விடுதிக்காரர்கள், சிற்பக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பட்ஜெட் மீதான பொது விவாதம் முடிந்ததும் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டமன்றத்திடம் கேட்கும் தொகைகள், விவாதத்துக்கு வரும். அரசியலமைப்பின் 203-வது பிரிவுப்படி, ஒரு துறைக்குக் கேட்கப்பட்ட தொகையைச் சட்டமன்றம் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. அதனால் விவாத நாளன்று எம்எல்ஏவைப் பிடித்துப் பயனில்லை. அன்று சுற்றுலா அமைச்சர் வெளியிடும் அறிவிப்புகள் தயாராகும் முன்பே நம் மனு சுற்றுலாத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சரி, என்ன கேட்பது? கடற்கரைக் கோயில் பராமரிப்பு, நுழைவுச்சீட்டு எல்லாம் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. அதை மாநில அரசிடம் கேட்டால் மனு குப்பைக்குத்தான் போகும். கழிப்பறை, வாகன நிறுத்தம், தெருவிளக்கு, வழிகாட்டிகளுக்கு மொழிப் பயிற்சி, இவ்வளவு போதும்.

தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டுக் கணக்கில், 2021-22-ல் வெளிநாட்டுப் பயணிகள் வருகையில் தாஜ்மகாலையே முந்தினோம். இதை ஒரு வரியில் சொல்லலாம். கொரோனா காலக் கணக்கு என்பதால் ரொம்ப அழுத்த வேண்டாம்.

சனிக்கிழமை மாலைக்குள் பெயரையும் தொழிலையும் இங்கே பதிவிடுங்கள். அடையாள அட்டை நகலைக் குழுவில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.