ஐந்து வருடம் பிந்திய நன்றி மடல்

அன்புள்ளவர்களுக்கு,

தங்கச்சியின் 31ம் நாளுக்கு நாங்கள் அச்சடித்துக் கொடுத்த அட்டையில் ஒரு நன்றி இருந்தது. "நேரில் வந்தும் தொலைபேசியிலும் அனுதாபம் தெரிவித்தோர், மலர்வளையம் சாத்தியோர், உணவு தந்து உதவியோர் மற்றும் சகல வழிகளிலும் தோள் கொடுத்த அனைவருக்கும்..." என்று போகும். உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். அச்சகத்தில் ஏற்கெனவே இருந்த வசனம் அது, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். அதற்கு மேல் எழுத அன்றைக்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

இந்த 2024ஆம் வருடம் ஏப்ரல் 21 மறுபடியும் ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது. உயிர்த்த ஞாயிறு மார்ச் 31ஆம் திகதியே வந்துபோய்விட்டது. 2019க்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தத் திருநாள் இரண்டு தரம் வரும். ஒன்று கலண்டரோடு நகரும். மற்றது நகராது. அந்த நகராத நாளுக்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறு காலை, ஏப்ரல் 21, தேவாலயங்களில் வெடித்த தற்கொலைக் குண்டுகள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, எங்கள் பக்கத்தில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். தங்கச்சிக்கு அது சொந்தச் சபைகூட இல்லை. வேலைக்காக மட்டக்களப்பில் அறை எடுத்து இருந்தவள், சிநேகிதி கூப்பிட்டாள் என்று போனாள். பெருநாளுக்கு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டவளை, "இப்பதானே சித்திரை வருசத்துக்கு வந்துபோனாய், பஸ்ஸுக்குள் இடிபடாதே, மே தின லீவுக்கு வா" என்று நிற்பாட்டியது நான். இதை வெளியில் சொல்வது இதுதான் முதல் தரம்.

செய்தி கேட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வானோடு வாசலில் நின்றவர் கிண்ணியா நானா. திருகோணமலையிலிருந்து கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை, ஓட்டமாவடி. 2009இல் பாலம் திறக்கும்வரை 'பாதை'க்கு, வாகனம் ஏற்றும் மிதவைப் படகுக்கு, காத்துக் கிடந்த அதே வழி. அந்த வழி முழுக்க அவர் ரேடியோவைப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் எங்களை இறக்கிவிட்டு இரத்தம் கொடுக்கிற வரிசையில் போய் நின்றார். மாலையில் நாடு முழுக்க ஊரடங்கு. திரும்பிப் போக முடியாமல் இரவு வானுக்குள்ளேயே படுத்தார். பிறகு கேட்டபோது டீசல் காசு மட்டும் வாங்கினார். நானா, உங்களிடம் கடைசியில் திரும்பி வருகிறேன்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தாதிமாருக்கு: அந்த நான்கு நாளும் நீங்கள் வீட்டுக்குப் போனதாகவே எனக்குத் தெரியவில்லை. சுவாசக் குழாயோடு கிடந்தவளுக்கு ஒருவர் தலைவாரி இரட்டைப் பின்னல் போட்டிருந்தீர்கள். வியாழக்கிழமை அவள் போனபோதும் அந்தப் பின்னல் குலையவில்லை.

அப்புறம் விளக்கம் சொல்ல வந்தவர்கள். உங்களுக்கும் நன்றி, வெறுங்கையோடு நீங்கள் யாரும் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேனே, நீங்கள் கொண்டுவந்த பாணும் வாழைப்பழமும் உதவின, விளக்கங்கள் உதவவில்லை. "கர்த்தருக்கு ஒரு திட்டம் இருக்கும்" என்றார்கள். "நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பார்" என்றார்கள். அவளை இரத்தசாட்சி என்று சொன்னவர்களும் உண்டு. சாட்சியிடம் ஒரு கேள்வியாவது கேட்பார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வயோதிபர் மட்டும் குரலைத் தாழ்த்தி, குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தார். மே தின லீவுக்கு வா என்று சொன்ன நான் அந்தக் கேள்வியை எத்தனை இரவு தலையணைக்குள் வைத்துப் படுத்தேன் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

எங்கள் போதகர் ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அடக்க ஆராதனையில் நீங்கள் பிரசங்கம் செய்யவில்லை. 88ம் சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். மற்றச் சங்கீதங்கள் அழுது தொடங்கினாலும் துதியில் போய் முடியும். இது கடைசி வரிவரை இருட்டுத்தான். சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அன்றைக்கு வேதாகமத்தில் அந்த ஒரு பக்கம்தான் பொய் சொல்லாததாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து வீட்டுக்கு வந்து லூக்கா 13ஐ எடுத்தீர்கள். பலி செலுத்தப் போன கலிலேயரைப் பிலாத்து அந்த இடத்திலேயே கொன்றது, சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தது, இரண்டும் அதில் வருகின்றன. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற கேள்விக்கு இயேசு இரண்டு தரமும் இல்லை என்கிறார். ஏன் செத்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை. மனந்திரும்புங்கள் என்று உயிரோடு இருப்பவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறார். அந்த 'இல்லை' எனக்குப் போதுமாக இருந்தது. பிறகு நீங்கள் சொன்ன ஒன்று: "2004 சுனாமியும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது, அது கோபுரம். இது பிலாத்து. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கடவுளின் தலையில் போடாதீங்கோ பிள்ளை."

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அதை நினைத்தேன். முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறினார்கள் என்று, முன்னாள் ஜனாதிபதியைப் பத்துக் கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னார்கள், பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த வேறு சிலரையும் கட்டச் சொன்னார்கள். காசு எனக்குப் பெரிதில்லை. "ஆண்டவரே, ஏன் தடுக்கவில்லை" என்று நான் நாலு வருடம் மேலே பார்த்துக் கத்திய கேள்வியில் பாதிக்குக் கீழேயே விலாசம் இருந்திருக்கிறது. மீதிப் பாதியை இன்னும் மேலே பார்த்துத்தான் கேட்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, நீங்கள் வாசிக்க மாட்டீர்கள், பேத்தி வாசித்துக் காட்டட்டும். சண்டைக் காலத்தில் காணாமல்போன மகனுக்காக இன்னும் கோணேசர் கோயிலுக்கு நடக்கிறவர் நீங்கள். நாற்பது நாள் பின்னேரம் நாலு மணிக்கு இஞ்சித் தேத்தண்ணியோடு வந்து திண்ணையில் இருந்தீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள்தான் வாய் திறக்காமல் இருந்தார்கள், அதற்குப் பிறகு திறந்த வாயை மூடவே இல்லை. நீங்கள் நாற்பத்தோராம் நாள் வாய் திறந்து கேட்டது, "சொதிக்கு உப்புக் காணுமா, பார்" என்பது. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அடுப்படிக்குப் போனேன்.

பாடகர் குழுவில் எனக்கு வலப்பக்கம் நிற்கும் அக்கா, ஒரு வருடத்துக்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை. புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். நீங்கள் உங்கள் சுருதியை விட்டு என் சுருதியைப் பாடினீர்கள். யாருக்கும் சொல்லவுமில்லை. நாலு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனின் கதையில் இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவனுக்கு விசுவாசம் இருந்ததா என்ற பேச்சே அங்கே இல்லை. சின்ன வயதில் மனப்பாடம் செய்த பகுதி, இந்த வயதில்தான் அந்த 'அவர்கள்' கண்ணில் பட்டது. என்னைத் தூக்கியவர்களில் ஒருவர் சைவம், ஒருவர் இஸ்லாம் என்று போதகர் ஐயாவிடம் சொன்னேன். சிரித்தார். மறுக்கவில்லை.

இனி நானா. திங்கட்கிழமை செய்தியில் குண்டு வைத்தவர்கள் என்று முஸ்லிம் பெயர்கள் அடிபடத் தொடங்கியதும் நீங்கள் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள். அடக்கத்தன்று காலை தொலைபேசியில், "வரலாமா டீச்சர்?" என்று கேட்டீர்கள். நான் "வாங்க" என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. அந்த இடைவெளி உங்களுக்குக் கேட்டது. நீங்கள் வரவில்லை. மறுநாள் விடிய வாசலில் ஒரு மூட்டை அரிசி இருந்தது, யார் வைத்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு வருடம் உங்களோடு கதைக்காமல் இருந்தேன். அதற்கு என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை. மன்னியுங்கள்.

2021இல் உங்கள் உம்மா கொரோனாவில் மௌத்தானார். சொந்த ஊரில் அடக்க விடாமல் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோனார்கள், நாம் போன அதே வழி. அன்றைக்கு நான் எடுத்து "வரலாமா?" என்று கேட்டேன். நீங்கள் ஒரு மூச்சுக்கூடப் பொறுக்கவில்லை.

வருகிற 21ஆம் திகதி காலை ஆராதனை முடிந்து சேமக்காலைக்குப் போய்விட்டு, பதினொரு மணிக்கு மேல் வீட்டில் சாப்பாடு. இதில் சொன்ன எல்லோரும், சொல்ல மறந்தவர்களும் வாருங்கள். கோழி கிண்ணியாவில்தான் எடுக்கிறோம். நானா, இந்த முறை கேட்க வேண்டாம்.

உவர்மலையிலிருந்து,
அவளுடைய அக்கா