‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அதிவேகமாக வந்த லாரி மோதி’ என்னும் தொடரைத் தங்கள் நாளிதழின் வாசகர்கள் அநேகமாக நாள்தோறும் படிக்கிறார்கள். அது செய்தியாளரின் சொந்தச் சொல் அன்று. காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையிலிருந்து அப்படியே எடுக்கப்படுவது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடிவரும் எனக்கு, ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற சொற்கள் இல்லாத விபத்து அறிக்கை ஒன்றைப் படித்த நினைவே இல்லை. சாலையோரம் நிறுத்தியிருந்த லாரியின் பின்புறத்தில் மோதி ஒருவர் இறந்த வழக்கில், நின்றுகொண்டிருந்த அந்த லாரியின் ஓட்டுநர் மீதே இந்த வாசகம் எழுதப்பட்டிருந்ததையும் கண்டிருக்கிறேன். நின்ற வண்டி எப்படி அதிவேகமாக வந்தது என்று கேட்டபோது விசாரணை அதிகாரியிடம் பதில் இல்லை.

இந்த வாசகம் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் அரசு மருத்துவமனையிலிருந்து தகவல் வருகிறது. பந்தோபஸ்து முடிந்து அப்போதுதான் நிலையம் திரும்பிய ஏட்டு ஒருவர் அங்கே போய், இறந்தவரின் அண்ணனிடமோ மைத்துனரிடமோ புகார் வாங்குகிறார். விபத்து நடந்த நேரத்தில் அந்த மைத்துனர் தம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். ஆனாலும் வண்டி எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு அஜாக்கிரதையாக வந்தது என்பதை அவர் நேரில் பார்த்ததுபோலவே புகார் பேசும். அஜாக்கிரதையாக ஓட்டுவதையும் அதனால் மரணம் விளைவிப்பதையும் குற்றமாக்கும் பிரிவுகள், அதாவது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகளும், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106(1) பிரிவுகளும், வழக்குக்கு வேண்டியிருப்பதால், பிரிவு கேட்கும் சொற்களைப் புகாரிலேயே வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது நிலைய எழுத்தர்கள் வழிவழியாகக் கற்ற பாடம். அதாவது, சம்பவ இடத்தை ஒருவரும் பார்ப்பதற்கு முன்பே விபத்தின் காரணம் எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது.

மறுநாள், சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பான பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாராகும். நான் பார்த்த வரைபடங்களில் பெரும்பாலானவற்றில் சாலைக்கு இரண்டு கோடுகள், வடக்கைக் காட்ட ஓர் அம்புக்குறி, மோதிய இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். சாலையின் அகலம், பிரேக் தடத்தின் நீளம், தெருவிளக்கு எரிந்ததா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா, தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைத்திருந்தார்களா என்பவற்றில் ஒன்றைக்கூட அந்தத் தாளில் காண முடியாது. இதற்குள் போக்குவரத்துக்கு வழிவிட வாகனங்கள் நகர்த்தப்பட்டிருக்கும். கண்ணாடிச் சில்லுகளும் கூட்டித் தள்ளப்பட்டிருக்கும். பின்னர் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து, விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதன்று என்ற இன்னொரு வாடிக்கையான வரியை எழுதிக் கொடுப்பார்.

இது ஏதோ நீதிமன்றக் கட்டுகளுக்குள் கிடக்கும் சங்கதி என்று விட்டுவிட முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்துப் புள்ளிவிவரம் மாநிலக் காவல் துறைகள் அனுப்பும் கணக்கிலிருந்தே தொகுக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் முதலிடத்தில் நின்ற தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டின் மொத்த மரணங்களில் 71 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அந்த அறிக்கை. வேகம் கொல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மைத்துனர் வாயில் எழுத்தர் வைத்த வாசகமே ஏணியேறி டெல்லிக்குப் போய் 71 விழுக்காடாக இறங்கி வந்திருந்தால், அதை நம்பிப் போடப்படும் திட்டங்கள் எதைச் சீர்செய்யும்?

சாலையின் பிழையால் இறப்பவர்களின் நிலை இன்னும் மோசம். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் இரவில் இருசக்கர வாகனத்தோடு விழுந்து இறந்த இளைஞர் ஒருவரின் வழக்குக்கட்டு என்னிடம் இருக்கிறது. அதில் அவரே எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியவரும் அவரே. எதிரி இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று இறுதி அறிக்கை முடிகிறது. பள்ளம் தோண்டிய ஒப்பந்ததாரரின் பெயர்கூட அதில் இல்லை. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரம் தவறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. தொகை சொற்பம்தான். அந்தச் சொற்பத்தைக் கேட்டும் பதிவான வழக்கு எதுவும் இதுவரை என் கைக்கு வந்ததில்லை. அதே 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இளம்பெண் ஒருவர் இறந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லாரி ஓட்டுநர் உடனே கைதானார். பேனர் வைத்தவர் கைதாக இரண்டு வாரம் ஆயிற்று. அதுவும் உயர் நீதிமன்றமும் ஊடகங்களும் விடாமல் கேட்டதால் நடந்தது.

புதிய விதிகள் இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகனத் திருத்த விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாள்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாள்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும்; பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளை விளக்கும் படிவத்தை அந்தக் குடும்பத்திடம் தர வேண்டும். இதற்கெனப் பயிற்சி பெற்ற தனிப் பிரிவை அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. என்னிடம் வரும் குடும்பங்கள் முதல் தகவல் அறிக்கையின் நகல் ஒன்றை மட்டும் நான்காக மடித்துக் கொண்டுவருகிறார்கள். உரிமைப் படிவம் என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். இழப்பீடு கோர ஆறு மாதக் காலவரம்பு சட்டத்தில் இருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு உருவான விபத்துத் தரவுச் செயலியும் வந்துவிட்டது. சம்பவ இடத்தின் படமும் அட்சரேகை தீர்க்கரேகையும் அதில் பதிவாகின்றன என்பது நல்ல முன்னேற்றம். சாலைத் துறைப் பொறியாளரும் தம் பங்குக்கு இடத்தை ஆய்ந்து விவரம் சேர்க்க அதில் வழி இருக்கிறது. ஆனால் அவர் எழுதுவது குற்றவியல் வழக்கின் இறுதி அறிக்கையோடு இணைந்து நான் கண்டதில்லை.

காவலர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. திருட்டு, அடிதடி, திருவிழா, அமைச்சர் வருகை எல்லாவற்றையும் பார்க்கும் அதே நான்கைந்து பேர்தான் விபத்தையும் பார்க்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் அளவு நாடா இருக்கிறது என்று மேலதிகாரிகள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

காவல் துறைத் தலைமைக்கு என் வேண்டுகோள்கள் இரண்டே. சம்பவ இடத்தை அளந்து, படம் எடுத்து, விளக்கு, பலகை, தடுப்பு ஆகியவற்றைக் குறித்த பிறகே காரணம் எழுதப்பட வேண்டும். அதுவரை முதல் தகவல் அறிக்கையில் நடந்தது மட்டும் இருந்தால் போதும். மரணம் நேர்ந்த ஒவ்வொரு வழக்கிலும் சாலைப் பொறியாளரின் ஆய்வறிக்கை இல்லாமல் இறுதி அறிக்கையை ஏற்கக் கூடாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘அதிவேகமாக வந்த’ என்று அச்சேற்றும் முன், அந்த இடத்தில் விளக்கு எரிந்ததா, பள்ளம் மூடியிருந்ததா என்று தங்கள் செய்தியாளர்கள் காவல் நிலையத்தில் கேட்கட்டும். பதில் கிடைக்காவிட்டால் அதையும் செய்தியில் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
வழக்குரைஞர் ஒருவர்,
விழுப்புரம்.