பேசத் தெரிந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரக் கல்வி இணைப்பில், 'மனநல ஆலோசகராகப் பேசத் தெரிந்தால் போதும், முனைவர் பட்டமெல்லாம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளத்தான்' என்று ஒரு வரி வந்திருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையைப் படித்து வருகிறவள் நான். உங்களிடமிருந்து இப்படி வந்ததுதான் வலிக்கிறது.

பகலில் பள்ளி ஆலோசகர் வேலை, இரவில் ஆய்வேடு என்று அந்தப் பட்டத்துக்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பகுதிநேர ஆய்வுக்கு வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைக் கேட்டபோது எங்கள் தாளாளரும் இதையேதான் சொன்னார்: "பிள்ளைங்ககிட்ட பேசுறதுக்கு பி.எச்டி. எதுக்கும்மா?" சான்று கைக்கு வருவதற்குள் அந்த வருடச் சேர்க்கை முடிந்துவிட்டது. ஆசிரியர் வராத வகுப்புகளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை வேறு. ஆலோசனை அறை என்று கொடுத்த இடத்தில் பாதியை விளையாட்டுச் சாமான்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

பட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேர்வு வந்தாலே வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகளை என்னிடம் அனுப்புகிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது; மனக்கலக்கம்தான் வயிற்றுவலியாக வெளிப்படுகிறது. மேல்நாட்டு மனச்சோர்வு வினாத்தாளைத் தமிழாக்கிக் கொடுத்தால், 'சோகமாக இருக்கிறதா?' என்பதற்கு 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடியே எழுந்து போகிறார்கள். இவர்களுக்கேற்ற வினாத்தாளை உருவாக்கி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் கொடுத்துச் சரிபார்ப்பதுதான் ஆய்வு. பேச்சுத் திறமையால் அது நடக்காது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்றது. சரி, அத்தனை ஆலோசகர்களுக்கும் யார் பாடம் எடுப்பது? அனுபவமில்லாத ஆலோசகர், தற்கொலை எண்ணத்தோடு வந்த பிள்ளையிடம் தடுமாறும்போது பக்கத்தில் இருந்து வழிநடத்துவது யார்? எங்கள் ஊரில் இரண்டு நாள் பயிலரங்குச் சான்றிதழை வைத்துக்கொண்டு 'உளவியல் நிபுணர்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. தேர்வு முடிவு நாளில் உங்கள் அலுவலகத்திலிருந்தும் எனக்கு போன் வரும், இரண்டு வரியில் அறிவுரை வேண்டும் என்று. இரண்டு வரியில் அடங்குகிற விஷயமா இது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரியைத் திருத்துங்கள். அப்புறம், யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குச் சேர்க்கைத் தகுதி என்ன, முதலில் முடிக்க வேண்டிய பாடங்கள் எவை, குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்ற கால வரம்பு, பகுதிநேரம் படிக்கிறவர்களுக்கான நடைமுறை எல்லாவற்றையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் மாணவிகள் என் பள்ளியிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆலோசகர், பகுதிநேர ஆய்வு மாணவி,
மதுரை