எந்த நாற்காலி என்று கேளுங்கள்

பெறுநர்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகள், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீடு வீடாகச் சென்று இயன்முறைச் சிகிச்சை தருபவள் நான். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றுக்குள் தவறியவர்கள், பைபாஸ் சாலையில் லாரி மோதி முதுகெலும்பு நொறுங்கியவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்த முதியவர்கள், சர்க்கரை நோய்க்குக் காலைக் கொடுத்தவர்கள் ஆகியோரோடுதான் என் நாள் போகிறது. இவர்களில் பெரும்பாலோரிடம் சக்கர நாற்காலி இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் அது மடக்கிச் சுவரோரம் சாத்தப்பட்டிருக்கிறது, அதற்கு உரியவர் கட்டிலில் கிடக்கிறார்.

நாற்காலி கிடைக்கவில்லை என்று முறையிட நான் எழுதவில்லை. யாருக்கு எந்த நாற்காலி பொருந்தும் என்று ஒருவரும் கேட்காமலே அது வீடு வந்து சேர்கிறது. அதைக் கேட்கும் பொறுப்பை மருத்துவக் காப்பீட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வழக்கமாகக் கிடைப்பது ஒரே வகைதான். இரும்புக் குழாய்ச் சட்டம், ரெக்சின் இருக்கை, 18 அங்குல அகலம், கழற்ற முடியாத கைதாங்கி, பின்னால் 24 அங்குலச் சக்கரம், முன்னால் கட்டி ரப்பரில் சின்னச் சக்கரம். மருத்துவமனைக் கூடத்தில் ஒருவர் தள்ள இன்னொருவர் சற்று நேரம் உட்கார்ந்து போக இது போதும். காலையில் ஏறி இரவு இறங்கும்வரை அதிலேயே வாழ வேண்டியவருக்கு இது போதாது.

தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். மரம் ஏறிய கைகள், தோளில் இன்னும் அத்தனை வலு. அவர் இடுப்பின் அகலம் 14 அங்குலம். 18 அங்குல இருக்கையில் அவர் நேராக உட்கார முடிவதில்லை. ஒரு பக்கம் சரிகிறார், முதுகு வளைகிறது, சக்கரத்தை எட்டிப் பிடிப்பதற்குத் தோளை அகட்ட வேண்டியிருக்கிறது. நாற்காலியைக் கட்டிலோரம் நிறுத்திப் பக்கவாட்டில் நகர்ந்து ஏறும் பயிற்சியை நான் தந்திருக்கிறேன். கைதாங்கி கழலாததால் அந்தப் பயிற்சி வீணாகிறது, தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். ரெக்சின் நாளடைவில் தொட்டிலாகத் தொய்கிறது. உட்காரும் எலும்பின் மேல் உடம்பின் பாரம் முழுவதும் இறங்குகிறது. உணர்வில்லாத இடத்தில் வலியும் இல்லை என்பதால், வேட்டியில் கறை படிந்த பிறகுதான் புண் இருப்பதே வீட்டாருக்குத் தெரிகிறது.

அவருக்கு வேண்டியது இடுப்புக்கேற்ற அகலம், கழற்றி மாட்டும் கைதாங்கி, எடை குறைந்த சட்டம், கைக்கு வாகாகச் சற்று முன்னால் தள்ளிப் பொருத்திய பின்சக்கர அச்சு, அழுத்தத்தைப் பரப்பும் மெத்தை. இருக்கையைப் போலவே மெத்தையும் நாற்காலியின் பாகம்தான். தனியே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டால் யாரும் வாங்குவதில்லை.

பக்கவாதம் வந்த பெரியம்மாவின் தேவை முற்றிலும் வேறு. அவருக்கு ஒரு கையும் ஒரு காலும் நன்றாக இருக்கின்றன. அந்தக் காலைத் தரையில் ஊன்றித் தள்ளியும் அந்தக் கையால் சக்கரத்தைச் சுழற்றியும் அவரால் வீட்டுக்குள் தானாகவே நகர முடியும். அதற்கு இருக்கை வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். “கால் எட்டவில்லை அம்மணி” என்று அவர் என்னிடம் சொன்னார். இரண்டு அங்குலம் இல்லாததால் தண்ணீர் குடிக்கவும் மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

தொடைக்கு மேலே இரண்டு காலும் எடுக்கப்பட்டவருக்கு வழக்கமான நாற்காலி ஆபத்தே விளைவிக்கும். முன்னால் கால்களின் பாரம் இல்லாததால், சின்ன ஏற்றத்தில்கூட அது பின்பக்கமாக மல்லாந்துவிடுகிறது. அவருக்குப் பின்சக்கர அச்சைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்த வேண்டும், பின்னால் தடுப்புச் சக்கரமும் வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குத் தலையையும் இடுப்பையும் தாங்கும் சாய்வு நாற்காலி. தானாகத் தள்ளவே முடியாத முதியவருக்கோ பெரிய சக்கரமே தேவையில்லை. பிறர் தள்ளும் இலகுவான நாற்காலி போதும், விலையும் குறைவு.

காங்கயம் காளைக்கு லாடம் அடிப்பவர்கூடக் குளம்பைத் தூக்கிப் பார்த்து, அதற்கேற்பத் தட்டித்தான் ஆணி அறைகிறார். மனிதரின் வாழ்நாள் இருக்கைக்கு நாம் அந்த அளவேனும் பார்க்க வேண்டாமா?

உடம்பைப் போலவே வீட்டையும் அளக்க வேண்டும். 18 அங்குல இருக்கையுள்ள நாற்காலியின் வெளி அகலம் 25, 26 அங்குலம் வரும். எங்கள் பக்கத்துக் கழிப்பறைகளுக்கு இரண்டடிக் கதவு போடுவது வழக்கம். நாற்காலி வாசலிலேயே நின்றுவிடுகிறது, மீதி தூரத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். தோட்டத்து வீடுகளான சாளைகளில் கழிப்பறை வீட்டை ஒட்டியே இருப்பதில்லை, களத்தைக் கடந்து போக வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கும் ரேஷன் கடைக்கும் வேலிகளுக்கு இடைப்பட்ட மண்பாதையான இட்டேரி வழியாகப் போக வேண்டும். செம்மண்ணில், மழை பெய்த மறுநாள், முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் புதைந்து ஆள் முன்பக்கம் கவிழ்வதைப் பார்த்திருக்கிறேன். முன்சக்கரம் பெரிதாகவும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி நீண்டும், காற்றடைத்த டயரோடும் உள்ள கரடுமுரடுப் பாதை நாற்காலிகள் உலகில் பல காலமாக இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் யாருக்கும் ஒன்று வழங்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் 65 வயது கடந்தோருக்கும் உடல் குறைபாடுள்ளோரில் ஒரு பகுதியினருக்கும் அரசு நடத்தும் மெடிகேர் காப்பீட்டைப் பாருங்கள். கைத்தடியோ வாக்கரோ போதுமா, கழிப்பறைக்குப் போக, உண்ண, உடுத்த, குளிக்க நாற்காலி இல்லாமல் முடியாதா, வீட்டுக்குள் அது திரும்ப இடம் இருக்கிறதா, அவரோ உடனிருப்பவரோ அதைப் பாதுகாப்பாக இயக்க முடியுமா என்று அது முதலில் கேட்கிறது. அடுத்து வகைக்கு வருகிறது. காலைத் தரையில் ஊன்ற வேண்டியவருக்கு 17, 18 அங்குல உயரத்தில் இருக்கை அமைந்த தாழ்வு நாற்காலி. வழக்கமான நாற்காலியைத் தள்ள முடியாமல் எடை குறைந்ததைத் தள்ள முடிகிறவருக்கு அந்த இலகு வகை. 250 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 113 கிலோவுக்கு மேற்பட்டவருக்குக் கனரக வகை. நாள் முழுவதும் நாற்காலியில் வாழ்பவருக்கு 30 பவுண்டுக்கும் குறைவான மிக இலகு வகை. இந்தக் கடைசி வகைக்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் தனி மதிப்பீடும் வேண்டும். தகுதி உறுதியானால், ஆண்டுதோறும் முதலில் பயனாளியே கட்ட வேண்டிய தொகை போக, அனுமதிக்கப்பட்ட விலையில் 80 சதவீதத்தைக் காப்பீடு தருகிறது.

அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வெளியே போவதற்கு மட்டும் நாற்காலி தேவை என்றால் மெடிகேர் தராது. தோட்டத்துக்கும் தறிக்கும் சந்தைக்கும் போய்ப் பிழைக்கும் நம் மக்களுக்கு அந்த வரம்பு பெரும் அநீதியாகிவிடும். ஆனால் எந்த நாற்காலி, ஏன் அது என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குகிறார்களே, அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும்.

நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2009இல் தொடங்கி, 2012 முதல் இன்றைய பெயரில் நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஏழை மரமேறியின் முதுகெலும்பில் தகடும் திருகும் வைத்து உயிரை மீட்டுத் தந்தது இந்தத் திட்டத்தின் அட்டைதான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் திட்டத்தின் கணக்கு மருத்துவமனைக்குள் நடக்கும் சிகிச்சையோடு முடிகிறது. நாற்காலி வேறு துறையின் பொறுப்பாகிவிடுகிறது. அதற்கு 40 சதவீத ஊனச் சான்று வேண்டும், தனித்துவ அடையாள அட்டை வேண்டும், விண்ணப்பம் வேண்டும், முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணம் தர 1981இல் வந்த மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில், மாத வருமானம் 22,500 ரூபாய் வரை உள்ளவருக்கு உபகரணம் இலவசம், 30,000 வரை உள்ளவருக்குப் பாதி விலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதுகெலும்பு அடிபட்டவருக்குச் சான்று உடனே கிடைப்பதில்லை, உடல் நிலைப்படும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். அந்த மாதங்களில்தான் படுக்கைப் புண் வருகிறது, மூட்டுகள் இறுகுகின்றன, மனம் உடைகிறது.

புண் ஆழமாகி எலும்பைத் தொட்டால் மீண்டும் மருத்துவமனை, மீண்டும் அறுவை, வாரக்கணக்கில் படுக்கை. அந்தச் செலவு காப்பீட்டின் தலையில்தான் விழுகிறது. தடுக்கும் மெத்தைக்கும் அளவான இருக்கைக்கும் ஆகும் தொகை அதில் சிறு பங்குதான். மனிதநேயத்தைக் காரணமாகச் சொன்னால் கோப்பு நகர்வதில்லை என்று உங்களில் ஒருவர் நினைத்தால், இந்தக் கணக்கையே முன்வைத்து நகர்த்துங்கள்.

இந்த மண்ணிலேயே இன்னொரு பொதுக் காப்பீடு இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கோவை வார்ப்படப் பட்டறையிலும் மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறுபவர் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். ஊதியத்தில் 0.75 சதவீதம் அவர் தருகிறார், 3.25 சதவீதம் முதலாளி தருகிறார். அதன் மருத்துவப் பயன்களில் செயற்கை உறுப்பு, ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாம் சிகிச்சையின் பகுதியாகவே சேர்கின்றன. இயந்திரத்தில் அடிபட்டுக் கால் போன தொழிலாளர்களில் பலருக்கு இது தெரியாது. மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று நான் சொன்ன பிறகுதான் கேட்கிறார்கள். ஆக, நாற்காலியைக் காப்பீட்டுக்குள் வைப்பது இந்த நாட்டில் புதிய யோசனை அன்று. கம்பெனித் தொழிலாளிக்கு உள்ள உரிமை, கூலிக்கு மரம் ஏறியவருக்கும் வேண்டும் என்கிறேன்.

அதற்கான துணிவு இந்த மாநிலத்துக்கு உண்டு. 2021இல் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’, சாலை விபத்தில் அடிபட்டவரிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்று கேட்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தருகிறது. அதே ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையாளரை வீட்டுக்கே அனுப்புகிறது. அவர் பையில் ஓர் அளவு நாடாவும் ஒரு படிவமும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. முதுகெலும்பு அறுவைக்கும் கால் அகற்றும் அறுவைக்கும் பக்கவாதச் சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகையிலேயே நாற்காலியையும் மெத்தையையும் சேர்த்து, வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையில் கொடுங்கள். ஊனச் சான்று பிறகு வந்து சேரட்டும். ஓட்டவும், படியில் இறக்கவும், உணர்வற்ற இடத்தின் அழுத்தத்தைக் குறைக்கக் கையூன்றி உடம்பை எழுப்பவும் வார்டிலேயே பயிற்சி கொடுங்கள்.

முகாம் நடத்தும் அலுவலர்களுக்குத் தனியாக ஒரு சொல். அளப்பது ஒரு நாள், கொடுப்பது இன்னொரு நாள் என்று பிரித்துவிடுங்கள். மேடையில் வரிசையாக நிற்கும் ஒரே மாதிரி நாற்காலிகளைப் படம் பிடிப்பதைவிட, நான்கைந்து வகைகளில் ஒவ்வொன்றும் யாருக்குப் போனது என்ற பதிவேடு பெருமைக்குரியது.

பழுது பார்ப்பதையும் மறந்துவிடாதீர்கள். முன்சக்கரத்தின் பேரிங் ஒன்று போனதும் முடங்கிய நாற்காலிகள் எத்தனையோ. பம்ப்செட்டும் தறி உதிரியும் செய்து நாடெங்கும் அனுப்பும் கோவைப் பட்டறைகளுக்கு ஒரு நாற்காலிச் சட்டத்தை வளைத்துப் பற்றவைப்பது பெரிய காரியமா? 24 அங்குலச் சைக்கிள் டயர், கடையில் கிடைக்கும் பேரிங், உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரர் கழற்றிப் பூட்டக்கூடிய போல்ட் ஆகியவற்றைக் கொள்முதல் விதியிலேயே எழுதிவிட்டால், பழுதான நாற்காலி மாவட்டத் தலைநகருக்குப் பயணம் போக வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு குறிக்கும் வருமான வரம்புக்குள் உள்ளவர்களுக்கு உதவி உபகரணங்களை இலவசமாகத் தர வகை செய்யச் சொல்கிறது. பொருந்தாத உபகரணத்தைக் கொடுத்து அந்தக் கடமை நிறைவேறியதாகக் கொள்ள முடியாது.

இந்த மாவட்டங்களில் அடுத்த முகாமுக்கு முன்பாக ஒரு பக்க அளவுப் படிவத்தை அச்சிடுங்கள். இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முழங்காலிலிருந்து பாதம்வரை, கழிப்பறைக் கதவு, வாசற்படியின் உயரம், வீட்டு முன் தரை எப்படிப்பட்டது, அவர் தினமும் போக விரும்பும் இடம் எது என்பவை அதில் இருக்கட்டும். உடுமலை, மடத்துக்குளம், பொள்ளாச்சி, ஆனைமலை வட்டங்களில் அளவெடுக்க ஆள் போதவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன், என்னோடு படித்தவர்களையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உடுமலை வட்டாரத்து இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவர்